குழு இல்லாக் குழுமம்: கரிசல் நிலத்து ஸ்பெஷல் நாடகமும் நாடக வரலாற்றெழுதியலின் ஒரு சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் குழுக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பெயரும் தொடங்கிய ஆண்டும் நிறுவியவரும் கொண்ட அமைப்புகளே அதில் இடம்பெறுகின்றன. கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் நிலத்தில் நூறாண்டுக்கும் மேலாக மக்கள் அரங்காக விளங்கும் ஸ்பெஷல் நாடகத்திற்கு இம்மூன்றும் இல்லை. அந்நாடகத்தில் குழு என்பது ஓரிரவுக்குக் கூடி விடியலில் கலைவது. இவ்வமைப்பு கலைஞர்க்குத் தந்தது எது, அவர்களிடமிருந்து பறித்தது எது என்பதை மதுரகவி பாஸ்கரதாஸ், விசுவநாததாஸ் ஆகியோரின் வாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஸ்பெஷல் நாடகம், கரிசல், பாஸ்கரதாஸ், விசுவநாததாஸ், நாடக நோட்டீஸ், ஊர் வரி

முன்னுரை

1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் பரீக்ஷாவும் நிஜ நாடக இயக்கமும், 1984இல் சென்னைக் கலைக்குழு என்று தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை ஆண்டும் பெயருமாக வரிசைப்படுத்துதல் எளிது. இவற்றுக்கு முந்தைய காலத்தை எழுதுவோரும் சபாக்களையும் கம்பெனிகளையும் அவ்வாறே வரிசைப்படுத்துவர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை முதலியவை அவ்வரிசையில் தவறாமல் வருவன. குழு இருந்தால் வரலாறு இருக்கும் என்பது இவ்வெழுத்து முறையின் சொல்லப்படாத விதி.

இவ்விதிக்குள் அடங்காத ஒரு பேரரங்கு தென் தமிழகத்தில் உண்டு. கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் 'எங்க ஊர்ல நாடகம்' என்று சொன்னால், அவர் பெரும்பாலும் குறிப்பது கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தையே. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா, நல்லதங்காள், கோவலன் ஆகியன அங்கே திரும்பத் திரும்ப நடிக்கப்படுவன. அந்நாடகத்தை நடத்தும் குழுவின் பெயர் என்ன என்று கேட்டால் ஊராரிடமும் விடை இல்லை, நடிகரிடமும் இல்லை. குழு என்று ஒன்று அங்கே கிடையாது. எனினும் ஒரு குழுவிடம் நாம் எதிர்பார்க்கும் பணிகள் யாவும் இரவு பத்து மணி முதல் விடியல் வரை குறையின்றி நடந்தேறுகின்றன. இம்முரணே இக்கட்டுரையின் பொருள்.

கூடுதலும் கலைதலும்

ஸ்பெஷல் நாடகத்தின் இயங்குமுறை நாடகத்துறை மாணவர்க்குத் தெரிந்ததே. ஆயினும் அதன் விளைவுகள் போதிய அளவு சிந்திக்கப்படவில்லை. இங்கே நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். ராஜபார்ட் ஒரு நகரத்திலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறொரு நகரத்திலிருந்தும், பபூனும் டான்ஸ் நடிகையும் பிறிதோர் ஊரிலிருந்தும் வருவர். ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடுபவரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே. ஊரார் ஏஜெண்ட் வழியாகவோ நேரிலோ சென்று, தேதியைக் கேட்டு, முன்பணம் கொடுத்து முடிவுசெய்கின்றனர். ஒத்திகை இல்லை. இயக்குநர் இல்லை. அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான் அவர்கள் சந்திக்கின்றனர். முன்பே பல மேடைகளில் சேர்ந்து நடித்தவராகவும் இருக்கலாம், முதல் முறையாகப் பார்ப்பவராகவும் இருக்கலாம்.

இது எவ்வாறு சாத்தியமாகிறது? நாடகப் பாடம் எல்லோருக்கும் பொதுவானது என்பது முதல் விடை. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்தளித்த பாடங்கள் ஒரு கம்பெனியின் சொத்தாக நில்லாமல் தொழிலின் பொதுச் சொத்தாயின. கம்பெனியில் வளர்ந்து, மகரக்கட்டு உடைந்து வெளியேறிய சிறுவர்கள் தம்முடன் எடுத்துச் சென்றது இப்பாடத்தையே. பாடம் தெரிந்த எவரும் பாடம் தெரிந்த வேறெவரோடும் நடிக்கலாம் என்றானபோது கம்பெனி தேவையற்றதாயிற்று.

இரண்டாவது விடை ஆர்மோனியக்காரர். ஒவ்வொரு நடிகரின் குரலுக்கேற்பக் கட்டையை மாற்றிக்கொள்பவர், அடுத்த பாட்டு எது என்பதை எடுப்பிலேயே உணர்ந்து தொடர்பவர், தடுமாறும் நடிகரைப் பின்பாட்டால் தாங்கிப்பிடிப்பவர் அவரே. இயக்குநர் என்ற சொல்லை இங்கே பயன்படுத்தியாக வேண்டுமானால் மேடையோரம் அமர்ந்திருக்கும் அவருக்கே அது பொருந்தும். அவரைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவதாகத் தர்க்கம். வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும், பின்னர் வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நிகழும் வாதம் பாட்டும் வசனமுமாக நீளும். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்பது இவருக்கு முழுமையாகத் தெரியாது. கேட்ட கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்ல இயலாது திணறினால் முன்வரிசையில் துண்டை விரித்து அமர்ந்திருக்கும் முதியவர் அதைக் கண்டுகொள்வார். ஒத்திகை பார்த்த குழுவில் இரு நடிகர்களுக்கிடையே உள்ள உறவு முன்கூட்டியே முடிவானது. இங்கே அவ்வுறவு பார்வையாளர் முன்னிலையில், போட்டியாகவும் ஒத்துழைப்பாகவும் ஒருசேர உருவாகிறது. குழு உருவாகும் நிகழ்வே நாடகத்தின் சுவையாகிறது என்பது மிகை அன்று. தர்க்கத்தைப் 'பாடத்திற்குப் புறம்பான இடைச்செருகல்' என்று ஒதுக்கும் பதிப்பாசிரியர் பார்வை இக்கலையின் நடுநரம்பையே தவறவிடுகிறது.

ஊர் என்னும் அமைப்பாளர்

கலைஞர்கள் கலைந்துபோகின்றனர் எனில், நிலைத்து நிற்பது எது? ஊர் நிற்கிறது. கரிசல் ஊர்களில் நாடகத்திற்கான பணம் தலைக்கட்டு வரியாகத் திரட்டப்படுகிறது. வரி கொடுத்த ஒவ்வொரு குடும்பமும் நாடகத்தை நடத்தும் கூட்டத்தில் ஓர் உறுப்பு. எந்த நாடகம், யார் ராஜபார்ட், எந்த நாள் என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவாவன. சபா நாடகத்தில் முதலாளியும் நவீன நாடகத்தில் இயக்குநரும் எடுக்கும் முடிவுகள் இவை.

கரிசல் நிலத்தின் பொருளியல் இவ்வரங்கின் பருவத்தை வகுத்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிக் காடு இது. ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் பருத்தியும் உண்டு. பெய்யாவிட்டால் கையில் காசில்லை, வரி இல்லை, நாடகமும் இல்லை. தை, மாசியில் வெள்ளாமை வீடு சேர்ந்தபின் பங்குனியிலும் சித்திரையிலும் கொடை வரும். ஆகவே ஸ்பெஷல் நாடக நடிகரின் ஆண்டு வருவாய் அவர் ஒருபோதும் உழாத நிலத்தில் பெய்யும் மழையைச் சார்ந்திருந்தது. பின்னர்க் கோவில்பட்டி, சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீப்பெட்டித் தொழில் பரவி வாரக்கூலி புழங்கத் தொடங்கியபோது மழையோடு இருந்த இப்பிணைப்புச் சற்றே தளர்ந்தது எனக் கருதலாம்.

இந்நிலத்தில் நல்லதங்காள் நாடகம் பெற்றுள்ள இடம் தனியே நோக்கத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீடு தேடி வந்த பெண், அண்ணி மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டுப் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுகிறாள். கதை நிகழும் அர்ச்சுனாபுரம் வத்திராயிருப்புக்கு அருகில் இருக்கிறது. நல்லதங்காளுக்கு அங்கே கோயிலும் உண்டு. மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைக்கும் பழக்கமுடைய மக்கள் முன்னே பஞ்சத்தின் கதை நடிக்கப்படும்போது, பார்வையாளர், பாத்திரம் என்ற பிரிவு மெலிந்துவிடுகிறது. நல்லதங்காளை 'சோகச்சுவை நாடகம்' என்று வகைப்படுத்தி நகர்வது போதாது. பஞ்சம் எங்கோ நடந்த கதை அன்று என்பதை அறிந்த ஊர், தன் சொந்தப் பணத்தில், விளைந்த ஆண்டில், விளையாத ஆண்டை நினைத்துக்கொள்ளும் சடங்கு அது.

ஊரின் இம்முதன்மைக்கு எழுத்துச் சான்றாக எஞ்சியிருப்பது நாடக நோட்டீஸ். அதில் நடிகரின் படமும் பெயரும் பாத்திரமும் இருக்கும். பெயருக்கு முன்னே ஊர்ப்பெயர் இருக்கும். எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பது இருக்காது. அழைப்பவர் இடத்தில் ஊர்ப் பொதுமக்கள் இருப்பர். சூசன் சைசர் தம் 2005ஆம் ஆண்டு நூலில் நோட்டீஸ்களை விரிவாக ஆராய்ந்து, நடிகரிடையேயான படிநிலை அச்சில் எவ்வாறு அமைகிறது என்பதைக் காட்டியுள்ளார். கலைஞர் பக்கமிருந்து பார்த்த அவர் ஆய்வு மதுரையை நடுவாகக் கொண்டது. ஊரின் பக்கமிருந்து, வரி நோட்டையும் நோட்டீஸையும் அருகருகே வைத்துப் படிக்கும் பணி கரிசலில் இனித்தான் தொடங்க வேண்டும்.

ஒரு வாத்தியாரின் நாட்குறிப்பு

குழுவாக வாழ்ந்தவர்க்குத் தன்வரலாறு வாய்த்தது. டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' கம்பெனியின் சோற்றையும் பாடத்தையும் தண்டனையையும் பயணத்தையும் ஒரு குடும்பக் கதைபோலச் சொல்கிறது. சொல்வதற்கு அங்கே ஒரு கூட்டு வாழ்வு இருந்தது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்க்கு வாய்த்தது நாட்குறிப்பு என்பது தற்செயல் அன்று.

மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) கரிசல் ஊரான நாகலாபுரத்தோடு வாழ்வால் பிணைந்தவர். நாடகப் பாடலாசிரியர். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்குப் பாடல் எழுதியவர். தேசியப் பாடல்களின் தொகுதியை 1925இல் வெளியிட்டவர். அவர் பல்லாண்டுக் காலம் எழுதிய நாட்குறிப்புகளை அவருடைய பேரனும் நாடக இயக்குநருமான ச. முருகபூபதி தொகுத்துப் பதிப்பித்துள்ளார். அக்குறிப்புகளை இதுவரை அணுகியோர் அவற்றில் பெரிதும் தேடியது பெரிய பெயர்களை: எந்த நடிகைக்கு எந்தப் பாட்டு, எந்தத் தலைவரைச் சந்தித்தார் என்பனவற்றை. அது பயனுள்ள தேடலே. ஆனால் அவற்றின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து.

அவை ஒரு கணக்கனின் சிக்கனத்தோடு எழுதப்பட்டவை. வந்தவர், போனவர், சென்ற ஊர், எழுதிக்கொடுத்த பாட்டு, கிடைத்த தொகை. உணர்ச்சி குறைவு. இலக்கிய வாசகர் இதனால் ஏமாற்றம் அடையக்கூடும். குழு இல்லாத ஒரு தொழிலில் குழுவைத் தாங்கி நிற்பது இத்தகைய குறிப்பேடுகளே என்று பார்த்தால் அவ்வறட்சி பொருள் பெறும். வாத்தியார் வீடுதான் கலைஞர்கள் சந்திக்கும் நிலையான இடம். நடிகர் பாட்டுக் கேட்டு வருகிறார், கற்றுக்கொள்கிறார், போகிறார். அதே பாட்டை வேறொருவர் வேறொரு மேடையில் பாடுகிறார். அவ்விருவரும் ஓரிரவு எதிரெதிரே நிற்கும்போது ஒருவர் பாட்டு மற்றவர்க்குப் புதிதாக இருப்பதில்லை. நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து வரும் பெயர்களை இணைத்துக் கோடு வரைந்தால், எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லாத ஒரு நாடகக் குழுமத்தின் படம் கிடைக்கும். இத்தகைய ஓர் அட்டவணையை உருவாக்குவது, பாஸ்கரதாஸின் 'பங்களிப்பு' பற்றிய இன்னொரு கட்டுரையைவிட இன்றியமையாதது.

விசுவநாததாஸ்: ஒப்பந்தத்திற்குள் நுழையும் சாதி

இதுவரை சொன்னவை ஸ்பெஷல் நாடக அமைப்பைப் போற்றுவனவாகத் தோன்றக்கூடும். அதன் மறுபக்கத்தைக் காட்ட விசுவநாததாஸின் வாழ்வு போதும்.

1886இல் சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்த அவர், ராஜபார்ட் நடிகராகத் தென் தமிழகத்தின் மிகப்பெரும் கூட்டத்தை ஈர்த்தவர். முருகனாக நின்றுகொண்டே தேசியப் பாடல்களைப் பாடியவர். அவற்றுள் பாஸ்கரதாஸின் பாடல்களும் அடங்கும். அன்னியரைக் கொக்குகளாக உருவகித்த பாடல் அவர் குரலாலேயே ஊர்தோறும் பரவியது. பலமுறை சிறை சென்றார். கோவில்பட்டியில் வழக்கறிஞர் தொழில் செய்தவரான வ.உ. சிதம்பரனார் இவருக்காக வழக்காடினார் என வாழ்க்கை வரலாறுகள் கூறும். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமண மேடையில், முருகன் வேடத்திலேயே உயிர் நீத்தார்.

தியாகியாகவே அவரை எழுதிப் பழகிவிட்டோம். தியோடர் பாஸ்கரனின் 1981ஆம் ஆண்டு நூல் தேசிய அரசியலுக்கும் மேடைக்கும் உள்ள உறவை நிறுவிய பின்னர் வந்த தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அவ்வுறவை மீண்டும் கூறுவதோடு நின்றன. நமக்கு இங்கே வேண்டிய செய்தி வேறு. சாதியைக் காரணம் காட்டி ஸ்திரீபார்ட் நடிகையர் சிலர் அவரோடு நடிக்க மறுத்தனர் என்பது அது. இதனை அந்நடிகையரின் குறுமனமாக மட்டும் வாசிப்பது எளிது. அமைப்பின் வழியாக வாசித்தால் இரு உண்மைகள் புலப்படும்.

ஒன்று: கம்பெனி முதலாளியின் தயவு தேவையில்லாத தொழில் என்பதனால்தான் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்த ஒருவர், தம் குரலையும் தர்க்கத் திறனையும் மட்டும் முதலாகக் கொண்டு ராஜபார்ட்டாக உயர முடிந்தது. ஊர் கேட்டது அவரை. ஊர் கேட்டால் தடுக்க இடையில் எவரும் இல்லை. மற்றொன்று: அதே தனி ஒப்பந்தம்தான் இன்னொருவர் 'இவரோடு நடிக்க மாட்டேன்' என்று சொல்வதற்கும் இடமளித்தது. கம்பெனியில் சம்பளத்திற்கு இருக்கும் நடிகை அவ்வாறு சொன்னால் முதலாளி தன் நலன் கருதியேனும் தலையிட வேண்டியிருக்கும். இங்கே தலையிட எவரும் இல்லை. ஒவ்வொரு நாடகமும் ஒரு புதிய ஒப்பந்தம். ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் சாதி மீண்டும் ஒருமுறை உள்ளே வரலாம். ஒருமுறை வென்றவர் அடுத்த முறையும் வென்றாக வேண்டும்.

சிறைக்காலத்திற்கும் இது பொருந்தும். குழுவில் ஒருவர் சிறை சென்றால் மற்றவர் நாடகத்தை நடத்தி அவர் குடும்பத்தைத் தாங்கலாம். விசுவநாததாஸ் சிறையில் இருந்த ஒவ்வொரு நாளும் வருவாய் இல்லாத நாள். அவரது இறுதிக்காலக் கடன் பற்றிய செய்திகளைத் தியாகத்தின் சான்றாக மேற்கோள் காட்டுகிறோம். அவை ஒரு தொழிலமைப்பின் சான்றும் ஆகும்.

பெண்கள் நிலையிலும் இவ்விருமுகம் உண்டு. சிறுவர் கம்பெனிகள் பெண்களை மேடையிலிருந்து விலக்கின. ஸ்பெஷல் நாடகம் கே.பி. சுந்தராம்பாள் போன்றோர்க்கு மேடையும் பெயரும் வருவாயும் தந்தது. ஆயின் தனியே பயணம் செய்து இரவெல்லாம் அயலூரில் நின்று விடியலில் திரும்பும் பெண் என்ற பழியிலிருந்து அவர்களைக் காக்க ஒரு கம்பெனியின் பெயர்கூட இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நில்லாமல் வீட்டுக்கே வண்டியை வரவழைத்து, வீட்டின் சுவர்களைத் தம்மோடு சாலை வரை நகர்த்திச் செல்வதுபோல் நடிகையர் பயணம் செய்யும் முறையைச் சைசர் நுட்பமாக விவரித்துள்ளார். மேடைக்கு வெளியே நிகழும் இவ்வுழைப்பும் நாடகத்தின் பகுதியே.

இரவின் உரிமை

இன்றைய நிலைக்கு வருவோம். ஒலி மாசு விதிகள் 2000த்தின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மட்டும் அரசு தளர்த்தலாம். ஸ்பெஷல் நாடகம் பத்து மணிக்குத் தொடங்குவது. விதியை எழுதியவர்க்கு நள்ளிரவு ஒரு முடிவு. நாடகத்திற்கோ அது ஏறத்தாழத் தொடக்கம். நாரதர் வருமுன் அனுமதி முடிந்துவிடும். நாடகத்தைச் சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். எஞ்சுவது பபூன், டான்ஸ் காட்சிகளும் கல்யாணமும். 'இக்காலத்தில் ஸ்பெஷல் நாடகம் கொச்சையாகிவிட்டது' என்று வருந்தும் கட்டுரைகள், சுருக்கப்பட்ட இரவில் எது தங்கும், எது தங்காது என்ற கணக்கைப் பார்ப்பதில்லை. தூங்க விரும்பும் நோயாளியின் உரிமையை மறுப்பது என் நோக்கம் அன்று. ஓரூரில் ஆண்டுக்கு ஓரிரவு என்பதையும் நகர மண்டபத்தின் நாள்தோறும் ஒலிக்கும் கருவியையும் ஒரே அளவுகோலால் அளப்பது சரிதானா என்பது விவாதத்திற்குரியது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. ஆண்டின் வருவாய் தொடங்கும் நேரம். மறு ஆண்டும் கொடைக்காலத்திலேயே இரண்டாம் அலை வந்தது. நலவாரியத்தில் பதிந்தவர்க்கு அரசின் உதவி கிடைத்தது. பதிவு செய்யாதவர் நிலை என்ன? ஒரு நடிகர் இத்தொழிலில் இருக்கிறார் என்பதற்கு அவரிடம் இருக்கும் சான்று பழைய நோட்டீஸ்களே. மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவைப் போற்றிவரும் நடிகர் சங்கம் முதலாகப் பல நகரச் சங்கங்கள் உறுப்பினரைக் காக்க முயல்கின்றன. ஆயினும் சங்கம் குழு அன்று. அது தேதியையும் உறுப்பினர் அட்டையையும் பார்த்துக்கொள்ளும். சேர்ந்து சமைத்த சோறு அங்கே இல்லை.

இந்நிலையில் நாடக ஆய்வாளர் முன்னுள்ள பணி ஓரளவு எளிமையானது, ஆனால் அவசரமானது. பனுவல் தொகுப்பு நடந்துள்ளது. வாழ்க்கை வரலாறுகளும் வந்துள்ளன. ஊர்ப் பெரியவர் வீட்டுப் பரணில் இருக்கும் வரி நோட்டு, அச்சகத்தில் எஞ்சியிருக்கும் நோட்டீஸ், ஆர்மோனியக்காரர் பையில் உள்ள பாட்டுப் புத்தகம், ஏஜெண்டின் தேதிக் குறிப்பு ஆகியவை இன்னும் தொகுக்கப்படவில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரே ஓர் ஊரைத் தேர்ந்து, கொடைக்கு எந்தெந்த ஆண்டு நாடகம் நடந்தது, எந்தெந்த ஆண்டு நடக்கவில்லை என்ற பட்டியலை மட்டும் மழைக்கணக்கோடு சேர்த்து ஒரு முதுகலை மாணவர் உருவாக்கினாலும், இக்கட்டுரை ஊகமாகச் சொன்ன சிலவற்றை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலும். நோட்டீஸ் மலிவான தாளில் அச்சிடப்படுவது. நாடகம் முடிந்த மறுநாள் கடைக்காரர் அதில் பொட்டலம் மடிக்கத் தொடங்கிவிடுகிறார்.